முப்பத்தொன்று முடியும் வரை

பட்டறையை என்னிடமிருந்து வாங்கிய தம்பிமார் இருவரும் ஒரு நாள் தொலைபேசி எடுத்தார்கள்.

"அண்ணை, உய்சியே எண்டு இனி ஒருத்தரும் இல்லையாம். கடிதத்தில வேற பேர் போட்டிருக்கு. பழைய ஆக்கள்தானோ, புது ஆக்களோ?"

"பழைய ஆக்கள்தான். வாசல் போர்டை மட்டும் மாத்தியிருக்கினம்."

உய்சியே யார் என்று பிரான்சில் இருக்கும் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீதிமன்றம் ஒரு தீர்ப்பைச் சொன்னால், அதைக் கோப்பிலிருந்து எடுத்து மனிதரின் வாசலுக்குக் கொண்டுவருகிறவர் அவர். வாடகை வீட்டை விட்டுப் போக மறுப்பவரை எழுப்புவதும் அவருடைய வேலைதான். அந்த வேலைக்கு வரும்போது கூடவே ஒரு பொலிஸ் அதிகாரி வருவார். சாமான் தூக்க இரண்டு பேர் வருவார்கள். பூட்டுத் திறக்க ஒருவன் வருவான். அந்தப் பூட்டுத் திறக்கிறவன் நான்.

"நாங்கள் இப்பதான் அந்த வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறம். நீங்கள் போன கதையளை ஒருக்கா எழுதித் தாங்கோவன். எங்களுக்குப் பயமாயிருக்கு," என்றார் இளையவர்.

பயமாயிருக்கு என்று சொன்னதால்தான் எழுத உட்கார்ந்தேன். பயமில்லை என்று சொல்லியிருந்தால், நல்லது போய் வாருங்கள் என்று தொலைபேசியை வைத்திருப்பேன்.

நான் பூட்டு வேலையை ஒரு பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் பாரிசுக்கு வந்து உணவகங்களில் கோப்பை கழுவினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொருட்சந்தைக்குப் போய் உடைந்த பூட்டுகளைப் பை நிறைய வாங்கி வந்து, கட்டிலில் பேப்பரை விரித்துக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். "மற்ற மனிசர் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வருவினம், இந்த மனிசன் இரும்பு வாங்கிக்கொண்டு வருது," என்று என் மனைவி வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவாள். பிரெஞ்சையும் அப்படியே ஒவ்வொரு சொல்லாகக் கழற்றித்தான் படித்தேன். 2009இல், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு மரக்கறிக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியில் நிற்க வேண்டிய அளவில் ஒரு பட்டறை போட்டேன். அவ்வளவுதான் என் படிப்பு.

வேறொரு பழக்கமும் உண்டு. ஆட்கள் சொல்கிற சொல்லை நான் மறக்க மாட்டேன். ஆளின் முகம் மறந்துபோகும், வீட்டு இலக்கம் மறந்துபோகும், சொன்னது மட்டும் நிற்கும். எழுப்பப் போகிற வீட்டில் ஆட்கள் சொல்வதுபோல் வேறெங்கும் கேட்க முடியாது. ஒரு பிரெஞ்சுக் கிழவர் கதவைத் திறந்து, பொலிசையும் எங்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஐந்து பேர் என்று சொல்லியிருக்கலாமே, நான் இரண்டு பேருக்குத்தான் கோப்பி போட்டேன்," என்றார். ஓர் ஆபிரிக்கப் பெண் எதையும் வாதாடவில்லை. "பூனையை முதலில் கொண்டுபோங்கள், அது பார்க்கக் கூடாது," என்றாள். அந்தப் பூனையை நான்தான் மாடி இறக்கினேன். கையெல்லாம் கீறிவிட்டது.

என்னை இந்த வேலைக்குக் கூப்பிட்டவர் ஒரு பெண் உய்சியே. எல்லோரும் அவரை மெத்ர் என்று அழைப்பார்கள். வழக்கறிஞர்களையும் உய்சியேக்களையும் இங்கே அப்படித்தான் அழைப்பது. ஐம்பது வயதிருக்கும். ஒல்லியானவர். எப்போதும் சாம்பல் நிறக் கோட்டு, நாடா கட்டிய பச்சைக் கோப்பு. அவர் கதவு தட்டும் விதத்தை நான் எத்தனையோ காலைகளில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் கையுறையைக் கழற்றுவார். மணி இருந்தாலும் அழுத்த மாட்டார். விரல் முட்டியால் மூன்று தட்டு. தன் பெயரையும் வந்த காரணத்தையும் கதவுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் சொல்லுவார். பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிடம். இப்படி மூன்று தடவை. அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்துத் தலை அசைப்பார். கதவு திறந்ததும், எழுப்பப் போகிற அந்த வீட்டின் கால்மிதியிலேயே சப்பாத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்.

முதல் முறை அவரோடு போனபோது நான் என் கெட்டித்தனத்தைக் காட்ட நினைத்தேன். அவர் இரண்டாவது நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, தலை அசைக்கும் முன்பே துளைக்கிற மெசினைப் போட்டுப் பூட்டின் சிலிண்டரைக் கழற்றிவிட்டேன். கதவு திறந்தது. நடைவழியின் நடுவில், நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்தபடி ஒரு வயதான பெண் நின்றார்.

"நான் வந்துகொண்டுதான் இருந்தேன்," என்றார்.

வேலை முடிந்து மாடிப்படி இறங்கும்போது மெத்ர், திரும்பிப் பார்க்காமலே, "மெசியே, உங்களிடம் வேகம் இருக்கிறது. எனக்கு அது தேவையில்லை," என்றார். அதன் பிறகும் என்னைக் கூப்பிட்டார். அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

தம்பிமாருக்கு நான் சொல்ல நினைப்பது இராசையா அண்ணையின் வீட்டுக் கதையைத்தான்.

வீடு லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட, முதலாம் மாடி. சொந்தக்காரர் பெயர் தவம். உணவகம் ஒன்றில் சமையல்காரர். வாடகைக்கு இருந்தவர் இராசையா, மனைவி பூமணி. இரண்டு ஆண்களும் ஒரே குசினியில் பல வருடம் வேலை செய்தவர்கள். அந்த வீடு விலைக்கு வருகிறது என்று தேடிப் பிடித்துத் தவத்துக்குக் காட்டியதே இராசையாதான். தவம் வாங்கினார், நகருக்கு வெளியே பியர்ஃபித்தில் தான் இருந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, இதை இராசையாவுக்கு வாடகைக்குக் கொடுத்தார். யாருக்கும் மனக்குறை இல்லை.

பிறகு தவத்தின் மனைவி சாந்திக்குச் சிறுநீரகம் பழுதானது. கிழமையில் மூன்று நாள் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள வைத்தியசாலைக்கு வந்து, நாலு மணித்தியாலம் இயந்திரத்தோடு படுத்திருந்து இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். வந்துவிடலாம், திரும்பிப் போவதுதான் பாடு. ரயில் நின்றால் அவரும் நின்றபடி. லா சப்பல் வீடு என்றால் நடந்தே போகலாம், மாடியும் ஒன்றுதான். தவம் சட்டப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் முன்பாகவே, தானும் மனைவியும் இருக்க வீடு வேண்டும் என்று அறிவித்தல் கொடுத்தார். இராசையா போகவில்லை. வழக்கு. தீர்ப்பு தவத்தின் பக்கம். வீட்டை விடச் சொல்லிக் கட்டளை. இரண்டு மாதத் தவணை. தவணையும் முடிந்தது.

2016 யூன் மாதம், மெத்ர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "இன்று பூட்டுக்கு அல்ல, மொழிக்கு," என்றார். அது பொலிஸ் இல்லாமல் போய்க் கேட்டுப் பார்க்கிற முதல் சுற்று. சங்கிலியை மாட்டியபடி கதவு ஒரு சாண் திறந்தது. இராசையா மூக்கில் ஒட்சிசன் குழாயோடு நின்றார். சுவாசப்பை நோய். நான் பெட்டியோடு நிற்பதைப் பார்த்தார்.

"தம்பி, நீர் பூட்டுக்காரரோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப ஒரு உதவி. இந்தப் பூட்டு சரியில்லை. இவை வரேலாத மாதிரி நல்ல பூட்டு ஒண்டு போட்டு விடும்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மெத்ர், என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் குனிந்து பூட்டைப் பார்த்தார். "சொல்லுங்கள், இப்போதிருப்பதே நல்ல பூட்டுத்தான்," என்றார். நான் சொன்னேன். இராசையா இருமி இருமிச் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, "இந்த வீட்டை அவனுக்குக் காட்டினது நான். நான் இஞ்சையிருந்துதான் போவன்," என்று கதவைச் சாத்தினார். அவர் முதுகுக்குப் பின்னால் பூமணியக்கா நின்றது தெரிந்தது. ஒரு சொல் பேசவில்லை. மெத்ர் படியில் உட்கார்ந்து, "போக மறுக்கிறார்" என்று எழுதினார்.

பொலிஸ் உதவிக்கு விண்ணப்பம் போனது. அனுமதி வர ஒக்ரோபர் ஆகிவிட்டது. நாள், இருபத்தேழாம் தேதி. இங்கே நவம்பர் முதலாம் தேதியிலிருந்து மார்ச் முடியும் வரை குளிர்காலம் என்று யாரையும் வீட்டால் எழுப்ப முடியாது. அந்த ஐந்து மாதத்துக்குத் தீர்ப்பு கோப்பிலேயே தூங்கும். ஆகவே தவத்துக்கு அந்த ஒக்ரோபர் காலை ஒன்றுதான் இருந்தது.

காலை எட்டு மணி. மெத்ர், பொலிஸ் அதிகாரி, இன்னொரு இளம் பொலிஸ்காரர், நான். தூக்குகிறவர்கள் கீழே லொறியில். தவத்தை மெத்ரோவுக்குக் கிட்ட உள்ள கபேயில் இருக்கச் சொல்லியிருந்தார் மெத்ர். சொந்தக்காரர் எதிரில் நிற்பது நல்லதில்லை என்பது அவர் முறை.

வாசலில் எட்டுப் பத்துச் சோடிச் செருப்பும் சப்பாத்தும் கிடந்தன. பெட்டியை வைக்க இடமில்லை என்று காலால் ஒதுக்கினேன். அதுதான் நான் செய்த பிழை. மெத்ருக்குத் தெரியாது, பொலிசுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வேலைக்கு வந்தவனாக நின்றேன்.

மூன்று தட்டு. ஒரு நிமிடம். உள்ளே ஆட்கள் இருக்கும் சத்தம் கேட்டது. பதில் இல்லை. மறுபடி மூன்று. பதில் இல்லை. மூன்றாவது தடவையும் இல்லை. மெத்ர் கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கினார், என்னைப் பார்த்துத் தலை அசைத்தார். நான் முழங்காலில் இருந்து, கருவியைப் பூட்டுக்குள் விட வசதியாக இடக்கையைக் கதவில் ஊன்றினேன்.

கதவு உள்ளே போனது. பூட்டின் நாக்கை இழுத்து நிறுத்திவிட்டுச் சும்மா சாய்த்து வைத்திருந்தார்கள். நான் கையும் முழங்காலுமாக வீட்டுக்குள் விழுந்தேன்.

தலையை நிமிர்த்தினால், நிலத்தில் வெள்ளைத் துணி விரித்து நாலைந்து பெண்களும் ஒரு வயதானவரும் இருந்தார்கள். சுவரோடு ஒரு சின்ன மேசை. மேசையில் விளக்கு, ஒரு கோப்பை தேத்தண்ணீர், இரண்டு பிஸ்கற். அவற்றுக்குப் பின்னால், மாலை போட்ட படத்தில் இராசையா, கோட்டும் மீசையுமாக.

லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் மரண அறிவித்தல் ஒட்டாத நாளில்லை. இதையும் ஒட்டியிருப்பார்கள். மூக்கில் குழாயோடு பார்த்தவரை மீசையோடு எனக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

பூமணியக்காதான் முதலில் பேசினார். "என்ன தம்பி, ஏன் விழுந்தனீங்கள்? கதவு திறந்துதானே கிடக்குது."

"தட்டினனாங்கள் அக்கா. சத்தமில்லை..."

"செத்த வீட்டுக்கு ஆராவது தட்டிப்போட்டு வாறதே? வாங்கோ எண்டு நாங்கள் சொல்லலாமே?"

இராசையாவின் தங்கச்சி மூலையில் இருந்தார். அவர் விடுகிறவர் இல்லை. "பொலிசோட வந்து துக்கம் விசாரிக்கிற ஆக்களை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றார்.

நான் எழும்பி மெத்ரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: இறந்து இருபதாம் நாள், துக்க வீட்டில் கதவைப் பூட்ட மாட்டார்கள், வருபவர் தட்ட மாட்டார், இருப்பவர் வா என்று அழைக்க மாட்டார், போகிறவர் விடைபெறவும் மாட்டார். அவர் கோப்பில் தான் எழுதியிருந்த வரியைப் பார்த்தார். "மூன்று தடவை தட்டியும் திறக்க மறுத்தனர்." அதன்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். கால்மிதியில் சப்பாத்தைத் துடைத்தார். பிறகு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து, "நானும் கழற்ற வேண்டுமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். கழற்றினார். பொலிஸ் அதிகாரி வாசலைத் தாண்டவில்லை. வயர்லெஸ் சத்தத்தைக் குறைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

நடைவழியில் பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. பாதி வீடு பெட்டிக்குள் போய்விட்டது.

"நீங்கள் போக ஆயத்தமோ அக்கா?"

"போகமாட்டன் எண்டு சொன்னது அவர். நான் எப்ப சொன்னனான்? சென் தெனியில மகள் அறை ஒழுங்கு பண்ணி வைச்சிருக்கிறாள். முப்பத்தொண்டு முடியட்டும், நான் போறன்."

மெத்ர் தணிந்த குரலில், அந்த முப்பத்தோராம் நாள் சடங்கை மகள் வீட்டில் செய்ய முடியாதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"அந்தியேட்டிக் கிரியையை ஆத்தங்கரையில செய்யலாம். வீட்டுக்கிருத்தியம் வீட்டிலதான். அவர் செத்த வீடு எது?" என்றார் பூமணியக்கா.

"மகள் அங்கை மாறி நாலு மாசந்தான். அண்ணைக்கு அந்த வீட்டுக்கு வழியும் தெரியாது," என்றார் தங்கச்சி.

ஒருவரும் சிரிக்கவில்லை. பூமணியக்கா படத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "முப்பத்தொண்டு வரைக்கும் அவர் இஞ்சைதான் தம்பி. நீங்கள் எழுப்பினா நான் எழும்பி வருவன். அவரை எங்கை கொண்டு போறது?"

அதை நான் அப்படியே மெத்ருக்கு மொழிபெயர்த்தேன்.

முப்பத்தோராம் நாள் எந்தத் தேதி என்று அவர் கேட்டார். நவம்பர் ஏழு. அவர் யன்னலோரம் போய் நின்றார். "முதலாம் தேதி தாண்டினால் மார்ச் முடியும் வரை நான் இந்தக் கதவைத் தட்ட முடியாது," என்றார். "அந்த அம்மா அதற்குப் பிறகும் இருந்தால் என்னிடம் மருந்தில்லை. இன்று நிறுத்துவதா இல்லையா என்பதை வீட்டுச் சொந்தக்காரர் சொல்ல வேண்டும், நான் அல்ல. கூட்டிக்கொண்டு வாருங்கள். எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள்."

கபேயில் தவத்தின் முன்னால் கோப்பி ஆடை படிந்து கிடந்தது.

"முடிஞ்சுதோ அண்ணை?"

"இல்லை. அவர் செத்தது உங்களுக்குத் தெரியும்தானே?"

தலையைக் குனிந்தார். "தெரியும். சொன்னா நிப்பாட்டிப் போடுவினம் எண்டும் தெரியும். போன மாசம் சாந்தி ரயிலால இறங்கிச் சென் தெனி பிளாட்பாரத்தில அப்பிடியே இருந்திட்டா அண்ணை. சனம் சுத்திச் சுத்திப் போகுது, அவ நிலத்தில இருக்கிறா. இன்னொரு மாரிக்கு அவவை அந்த ரயில்ல கொண்டுவர என்னால ஏலாது."

"செத்த வீட்டுக்குப் போனனீங்களோ?"

"வாசல் மட்டும் போனனான். சனத்தைக் கண்டிட்டுத் திரும்பிட்டன்." கோப்பியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "பூமணியக்கா அழுதுகொண்டு இறங்கினா, அந்த வீட்டில நான் என்னெண்டு பால் காய்ச்சுறது?"

"அப்ப பொலிசை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"வேற என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

சட்டம் அவர் பக்கம். அவருக்கு வேண்டியது சட்டத்திடம் இல்லை. நான் இரண்டு பக்கத்தையும் சொன்னேன். பூமணியக்கா கேட்பது இன்னும் பன்னிரண்டு நாள் அளவுதான். ஆனால் அவர் சொன்ன சொல்லை மாற்றினால் ஐந்து மாதத்துக்கு எந்த நீதிபதியும் உதவ முடியாது.

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

பூட்டுக்காரன் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. அது எனக்கு நானே போட்ட சட்டம். "பாதிப் பெட்டி கட்டியிருக்கு," என்றேன். "மிச்சத்தைக் கட்டுவா எண்டுதான் நினைக்கிறன்."

அவர் எழும்பி வந்தார். மாடியில், வாசலில் நின்று சப்பாத்து நாடாவை அவிழ்க்க வெகுநேரம் எடுத்தார். உள்ளே போனார். ஒருவரும் வா என்று சொல்லவில்லை, சொல்லக் கூடாது. சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். தங்கச்சி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். விளக்குத் திரி சிறு சத்தமாக எரிந்தது. மெத்ர் சுவரோரமாகக் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

கடைசியில் தவம் கேட்டார். "அண்ணை என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ, அக்கா?"

"சொன்னவர். சாகிறதுக்கு முதல் நாள் பின்னேரம். 'தவம் நல்ல வடிவாச் சமைப்பான், ஆனா சாகும் வரைக்கும் அவனுக்கு உப்புப் பாக்கத் தெரியாது' எண்டு."

தவத்தின் வாயிலிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. "வீட்டைப் பற்றி?"

"வீட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல."

தவம் முகத்தைத் துடைத்தார். "முப்பத்தொண்டு முடிய..."

"ஏழாம் தேதி கிருத்தியம். எட்டாம் தேதி விடிய வீட்டைப் பூட்டித் திறப்பை உங்கட கையில தாறன்," என்றார் பூமணியக்கா.

"எட்டு என்ன கிழமை?"

வயதானவர் விரலில் எண்ணினார். "செவ்வாய்."

"ஐயோ, செவ்வாய் வேண்டாம் அக்கா. புதன் தாங்கோ."

மெத்ர் என் பக்கம் சரிந்தார். "என்ன முடிவாயிற்று?"

"அந்த அம்மா எட்டாம் தேதி போகிறேன் என்கிறார். இவர் இன்னொரு நாள் கூட இருக்கச் சொல்கிறார்."

"யார்? சொந்தக்காரரா?"

"சொந்தக்காரர்தான்."

"ஏன்?"

"எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, மெத்ர்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல். பிறகு, "உரிமையாளரின் வேண்டுகோளின்படி இன்று நிறுத்தப்பட்டது" என்று எழுதித் தவத்திடம் மட்டும் கையெழுத்து வாங்கினார். பூமணியக்காவிடம் எந்தக் காகிதமும் நீட்டவில்லை. வெளியேறும்போது விடைபெறுவதற்கு வாய் எடுத்தவர், நான் தலை அசைத்ததைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு வாசலைத் தாண்டினார். அவர் படியில் இருந்து சப்பாத்துப் போடும்போது, "ஐந்து மாதம் இருப்பார், பாருங்கள்," என்றார் பொலிஸ் அதிகாரி.

"இருக்கலாம்," என்றார் மெத்ர்.

அடுத்த பன்னிரண்டு நாளும் தவம் எனக்குத் தினமும் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, சொன்ன சொல் மாறுவாவோ?" முதலாம் தேதி வந்தது, சட்டத்தின் கதவு மூடியது. ஏழாம் தேதி கிருத்தியத்துக்கு அவர் போய்ச் சாப்பிட்டாராம். வாழையிலைக்கு முன்னால் இருந்துகொண்டு திறப்பைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லையாம்.

புதன் காலை நானும் போனேன். போகாமல் வீட்டில் இருந்து கால் ஆட்டிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. புதுச் சிலிண்டர் ஒன்றையும் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஆள் போன வீட்டில் பூட்டு மாற்றுவது முறை. சாந்தி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். பாதியில் மூச்சு வாங்க நின்றார்.

மேலே கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கழுவிய நிலம் காயவில்லை. பூமணியக்கா கைப்பையோடும் துணியில் சுற்றிய படத்தோடும் நின்றார். மருமகன் கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பூமணியக்கா சாந்தியைப் பார்த்தார், படத்தை யன்னல் திட்டில் வைத்தார், சாந்தியின் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இந்த இடப்பக்க அடுப்பு உடன பத்தாது. அமத்திப் பிடிச்சுக்கொண்டு மூண்டு எண்ணோணும். தண்ணி சூடாக நேரம் எடுக்கும், அவசரப்பட்டுத் திட்டாதையுங்கோ. மேல் வீட்டு மனிசி மிளகாய் வறுத்தா வந்து கத்துவா. ஒரு வடை குடுங்கோ, பேசாமப் போயிடுவா. வெயில் பின்னேரம்தான் வரும், இந்த அறைக்கு."

"அவர் எந்த அறையில இருந்தவர், அக்கா?" என்று சாந்தி கேட்டார்.

"இதிலதான்," என்று பூமணியக்கா பக்கத்து அறையைக் காட்டினார்.

சாந்தி அந்த அறையைப் பார்த்தார். "நாங்கள் மற்ற அறையில படுக்கிறம். இதில ஒரு விளக்கு வைக்கிறன்," என்றார்.

பூமணியக்கா கைப்பையைத் திறந்து மூன்று திறப்பையும் எடுத்து நீட்டினார். சாந்தி இரண்டை எடுத்துத் தவத்திடம் கொடுத்தார். மூன்றாவதைப் பூமணியக்காவின் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"வருசம் திரும்ப ஆட்டைத் திவசத்துக்கு வரோணுமெல்லே? நான் ஆசுப்பத்திரியில நிண்டாலும் நிப்பன். நீங்கள் திறந்துகொண்டு வாங்கோ."

நான் தவத்தைப் பார்த்தேன். அவர் என் பெட்டியைப் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பின்னேரம் மெத்ர் தொலைபேசி எடுத்தார். கோப்பை மூட அவருக்கு மூன்று கேள்விகள் இருந்தன. எல்லாக் கோப்புக்கும் அதே மூன்றுதான்.

"வீடு காலியா?"

"காலி, மெத்ர்."

"பூட்டு மாற்றினீர்களா?"

"சொந்தக்காரர் வேண்டாம் என்றுவிட்டார்."

பேனா எழுதும் சத்தம் கேட்டது. "திறப்புகள் எல்லாம் அவர் கைக்கு வந்தனவா?"

அத்தனை வருடத்தில் அவரிடம் நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

"வந்தன, மெத்ர். எல்லாம்."

தம்பிமாரே, நீங்கள் கேட்டதற்காக எழுதிவிட்டேன். அவர் இப்போது ஓய்வு பெற்றுத் தெற்கே எங்கோ இருக்கிறார். தமிழ் வாசிக்கத் தெரியாது. நீங்களும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதீர்கள்.